சேதி வராத படகுக்கு என்ன படம்?

"என் லிஸ்டை ஏன் ஒருத்தரும் பார்க்க மாட்டேங்கிறாங்க?"

உலகநாதன் உள்ளே வரும்போதே இப்படித்தான் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சிப்பித்துறை படகுச் சங்க ஆபீஸில் அந்தச் சாயங்காலம் பிரகாசி மட்டும் இருந்தாள். மேஜையில் வயர்லெஸ் செட். மடியில் முறம். முறத்தில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"யாரைச் சொல்லுதீங்க சார்?" என்றாள்.

"எல்லாரையும்தான். படகுக்காரங்க, அவங்க வீட்டுக்காரங்க, உங்க செக்ரட்டரி தொம்மை. இவ்வளவு பெரிய ஸ்கிரீனை வச்சிருக்கேன். உள்ள வர்றவன் எல்லாம் அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்தப் பலகையைப் பார்க்கிறான்!"

பிரகாசி ஒரு காம்பை உருவினாள். இலை முறத்தில் விழுந்தது.

"தொம்மை அண்ணாச்சி என்ன சொன்னாரு?"

"பிரகாசிகிட்ட கேளுங்க, அதுக்குச் சரின்னா ஊருக்கே சரின்னாரு. அதான் வந்தேன். சொல்லுங்க. என் லிஸ்டுல என்ன குறை?"

உலகநாதன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாளையங்கோட்டைக்காரன். நாற்பத்தாறு வயதில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தியவன். எந்தப் படகு கடலில், எந்தப் படகு கரையில் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய ஒரு புரோகிராம் வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதத்தில் செய்து கொடுத்துவிட்டான்.

அவனுக்கு ஒரே ஒரு வியாதி. சும்மா இருக்க வராது. நாற்காலியில் உட்கார்ந்தால் முட்டி ஆடும். கையில் பேனா இருந்தால் டிக்டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருப்பான். காலி இடத்தைக் கண்டால் அவனுக்கு அரிக்கும். வாடகை வீட்டுச் சுவரில் யாரோ அடித்துவிட்டுப் போன ஆணியைக்கூட விட்டுவைக்க மாட்டான், ஒரு காலண்டரையாவது மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

பிரகாசிக்கு முப்பத்து மூன்று வயது. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. பதினோரு வருஷமாக அந்த வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவள் பேச்சு ரொம்பக் குறைவு. பேச வேண்டியதை எல்லாம் மைக்கில் பேசிவிடுவதாக ஊரில் கேலி செய்வார்கள்.

அவள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த பலகை. அதில் நாற்பத்து மூன்று ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் மேலே ஒரு படகின் பெயர். விடியும் முன்னே கடலுக்குப் போகிறவர்கள் தங்கள் டோக்கனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு போவார்கள். படகுகள் நிற்கும் ஜெட்டி அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். திரும்பி வந்ததும், வீட்டுக்குப் போகிற வழியில், படகுக்கு ஒருவர் வந்து டோக்கனை மாட்டிவிட்டுத்தான் போவார். குளிக்கும் முன், சாப்பிடும் முன், பெண்டாட்டி பிள்ளை முகம் பார்க்கும் முன் அது நடந்தாக வேண்டும். அந்த ஊர் வழக்கம் அப்படி.

அன்று எல்லாப் படகும் வந்தாயிற்று. நாற்பத்து மூன்று டோக்கனும் தொங்கின.

"திரும்பி நில்லுங்க சார்."

உலகநாதன் திரும்பி நின்றான். முட்டி ஆடியது.

"இப்பப் பாருங்க."

பார்த்தான். "மூணாவது வரிசையில ஒண்ணு இல்ல" என்றான் உடனே.

பிரகாசி கையை விரித்தாள். டோக்கன் அவள் உள்ளங்கையில் இருந்தது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

*

உலகநாதன் பஸ்ஸில் வீடு போய்ச் சேரும் வரை யோசித்தான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான்.

பலகை கண்ணை இழுக்கிறது. லிஸ்ட் இழுக்கவில்லை. ஆகவே லிஸ்டில் படம் போதவில்லை.

நல்ல முடிவுதான் போங்கள்!

நான்கு நாள் உட்கார்ந்தான். பெயருக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பத்தியில்தான் அதுவரை ஐகான் இருந்தது: கரையில் நின்றால் நங்கூரம், கடலில் இருந்தால் அலை. இப்போது எட்டுப் பத்தி. ஐஸுக்கு ஒரு படம், டீசலுக்கு ஒரு கேன், மீனுக்கு மீன், காற்றுக்குக் கொடி, போனுக்குப் போன், வலைக்கு வலை. கடைசிப் பத்தியில் ஒரு சிரித்த முகம். அது எதற்கென்று அவனுக்கே தெரியாது. இடம் காலியாக இருந்தது, வைத்தான்.

கொண்டுவந்து திறந்து காட்டினான். ஸ்கிரீன் திருவிழாக் கடை போல ஜொலித்தது.

பிரகாசி மேலிருந்து கீழே பார்த்தாள். இலை உருவிய காம்பு ஒன்றை எடுத்து ஒரு வரிசையில் வைத்தாள். அதில் ஒரு நங்கூரம்.

"இது யாரு சொன்னா?"

"எது?"

"இந்தப் படகு கரையில நிக்குன்னு யாரு சொன்னா?"

உலகநாதன் சிரித்தான். "அது பத்து நாளா யார்டுல ரிப்பேருக்கு ஏத்தி வச்சிருக்கிற படகு. அதைப் பத்தி ஒரு சேதியும் வராது. ஜெட்டி கேட்டுல இருக்கிறவர் ஒவ்வொரு படகும் போகும்போதும் வரும்போதும் போன்ல அமுக்குவாரு, அது இங்க வரும். சேதி வராத வரிசைக்கு நான் ஒண்ணும் வைக்கிறதில்ல."

"அப்ப நங்கூரம் எப்படி வந்துச்சு?"

"அதுவா வந்து உட்கார்ந்துக்கும்."

பிரகாசி நிமிர்ந்து பார்த்தாள். "அதுவாவா?"

"ஆமா. இந்த மாதிரி லிஸ்டுக்கு அப்படி ஒரு குணம். ஒரு வரிசைக்கு இன்ன படம்னு நாம சொல்லலைன்னா, நாம குடுத்த படக் கட்டுல முதல்ல இருக்கிற படத்தை அதுவா எடுத்து ஒட்டிக்கும். என் கட்டுல நங்கூரம்தான் முதல். படமே வேண்டாம்னா, வேண்டாம்னு தனியா எழுதணும். மைனஸ் ஒண்ணுன்னு போடணும்."

"போடலியா?"

"எதுக்கு? தடைக்காலத்துல எல்லாப் படகும் கரையிலதானே நின்னுச்சு? நாற்பத்து மூணு வரிசையிலயும் நங்கூரம். உங்க ஆளுங்க கை தட்டுனாங்களே, மறந்துட்டீங்களா? காலியா விட்டா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். நிறைஞ்சு இருந்தா அழகுதானே?"

பிரகாசி காம்பை அந்த வரிசையை விட்டு எடுக்கவில்லை.

"இப்பவும் அது பொய் இல்லையே" என்றான் உலகநாதன். "அந்தப் படகு கரையிலதானே நிக்குது?"

"நிக்கு" என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க சார். அரை மணி நேரம். போனை எங்கிட்ட குடுங்க."

"எதுக்கு?"

"சும்மா."

உலகம் முழுக்க எத்தனையோ தண்டனை இருக்கிறது. உலகநாதனுக்கு இது போதும். ஸ்டூலில் உட்கார்ந்தான். முட்டி ஆடியது. பாக்கெட்டில் பேனாவைத் தேடினான், அதையும் அவள் வாங்கி வைத்திருந்தாள். மின்விசிறியைப் பார்த்தான், பல்லியைப் பார்த்தான், வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல் பிரகாசியின் கையைப் பார்த்தான்.

வயர்லெஸ் கரகரத்தது. யாரோ யாரிடமோ ஐஸ் பற்றிக் கேட்டார்கள். யாரோ யாரையோ அன்பாகத் திட்டினார்கள். பிரகாசியின் கை பாட்டுக்குக் கீரையை உருவிக்கொண்டே இருந்தது.

பிறகு பேச்சு அடங்கியது.

கொஞ்ச நேரம் ஆனது. இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

அவள் கை நின்றது. காம்பு விரலில் அப்படியே இருந்தது. கண் செட்டின் மேல் இருந்தது.

மறுபடி கரகரப்பு. ஒரு குரல் வந்தது. கை மறுபடி உருவத் தொடங்கியது.

விசித்திரமான பொம்பளை, சத்தம் வந்தால் வேலை செய்கிறாள், சத்தம் நின்றால் வேலையை நிறுத்துகிறாள் என்று உலகநாதன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். நாமாக இருந்தால் மாற்றி அல்லவா செய்வோம்!

அரை மணி ஆனதும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டான்.

*

மூன்றாம் தடவை அவன் கேட்டது வேறு.

"அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் என் லிஸ்டை ஒருத்தரும் சீந்த மாட்டாங்க. ஒரே ஒரு நாள் மூடி வைங்க. அப்புறம் லிஸ்ட் வேண்டாம்னு சொன்னா, மூட்டை கட்டிக்கிட்டுப் போயிடுறேன்."

அவன் சும்மா சொல்லவில்லை. அவன் செய்த எத்தனையோ புரோகிராம் யாரோ முகம் தெரியாதவர்களுக்குப் போயிருக்கிறது. இது ஒன்றைத்தான் மனிதர்கள் ஜன்னலில் வந்து நின்று கேட்கிற இடத்தில் வைத்திருந்தான். இதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டால் தாங்க மாட்டான் போலிருந்தது.

பிரகாசி முறத்தை இறக்கி வைத்தாள். பிறகு அலமாரியிலிருந்து பழைய போர்வை ஒன்றை எடுத்துப் பலகை மேல் தொங்கவிட்டாள்.

"ஒரு நாள்" என்றாள். "டோக்கனை எல்லாரும் போர்வையைத் தூக்கி எப்பவும் போல மாட்டட்டும். நான் எட்டிப் பாக்க மாட்டேன். ஆனா ஜன்னல்ல வந்து கேக்கவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"நானா? சந்தோஷமா!"

*

அந்த நாளும் வந்தது. காலையிலேயே கச்சான் காற்று. மேற்கேயிருந்து மணலை அள்ளிக்கொண்டு வந்து ஜன்னலில் அடித்தது. தூரமாகப் போனவர்கள்கூட மத்தியானமே திரும்பத் தொடங்கினார்கள்.

உலகநாதனுக்குக் கொண்டாட்டம். பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னலுக்கு வந்தார்கள். கேட்பார்கள், ஸ்கிரீனைப் பார்ப்பான், சொல்வான். அலை என்றால் "கடல்ல இருக்கு", நங்கூரம் என்றால் "வந்தாச்சு". படகின் பெயரைச் சொல்லி முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும்.

"பார்த்தீங்களா? எவ்வளவு வேகம்!" என்றான் பிரகாசியிடம்.

மூன்று மணிக்கு ஒரு பெரிய காற்று வீசியதில் மொட்டைமாடி ஆன்டெனா சாய்ந்தது. வயர்லெஸ் இரைய மட்டும் செய்தது. பிரகாசி கம்பியும் குறடும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஜெனோவா வந்தாள். விடிவெள்ளி என்ற படகின் சொந்தக்காரி. படகில் அவள் புருஷன் கஸ்பார். கூடவே அவள் தம்பியும். வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே படகில்.

முகம் வெளுத்திருந்தது. தலை முக்காட்டைக் காற்று பிடுங்கியது.

"அண்ணே, விடிவெள்ளி வந்துட்டா? போன் அடிச்சா எடுக்க மாட்டேங்காங்க."

உலகநாதன் பார்த்தான். நங்கூரம்.

"வந்தாச்சு தங்கச்சி! நிம்மதியா வீட்டுக்குப் போங்க. மீன் இறக்கிக்கிட்டு இருப்பாங்க."

"மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "நல்லா இருப்பீங்க அண்ணே." ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

நல்லா இருப்பீங்க! அவனுக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லிஸ்டைப் பார்த்து யாரும் அவனை வாழ்த்தியதில்லை.

நாலேகாலுக்குப் பிரகாசி இறங்கி வந்தாள். கையெல்லாம் துரு. தலையெல்லாம் மணல்.

"யாரு வந்தா?"

"ஜெனோவா. விடிவெள்ளி வந்தாச்சான்னு கேட்டாங்க. வந்தாச்சுன்னு சொன்னேன். சந்தோஷமாப் போனாங்க."

பிரகாசி நின்றாள்.

"யாரு சொன்னா?" என்றாள்.

"என்ன யாரு சொன்னா? நான்தான் சொன்னேன்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

உலகநாதன் ஸ்கிரீனைத் திரும்பிப் பார்த்தான். விடிவெள்ளி வரிசையில் நங்கூரம் சாதுவாக உட்கார்ந்திருந்தது. நேரம் போட்டிருக்க வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தது. போன நேரமும் இல்லை, வந்த நேரமும் இல்லை.

பிரகாசி போர்வையை விலக்கினாள்.

முப்பத்தாறு டோக்கன். ஏழு ஆணி வெறுமை. அந்த ஏழில் ஒன்றின் மேல் விடிவெள்ளி என்று எழுதியிருந்தது.

உலகநாதன் ஜெட்டி கேட்டுக்குப் போன் போட்டான். அங்கிருந்தவர் நிதானமாகச் சொன்னார்: காலையில் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது, ஐந்து படகு போனதை அமுக்க முடியவில்லை, நாலு திரும்பி வந்தன, அமுக்கிவிட்டேன். ஐந்தாவதா? அது இன்னும் வரலியே சார்.

அடப் பாவி மனுஷா என்று அவன் திட்டியது அந்த ஆளை அல்ல.

பிரகாசி அதற்குள் மைக்கை எடுத்துவிட்டாள்.

"விடிவெள்ளி, விடிவெள்ளி, சிப்பித்துறை பேசுதேன். விடிவெள்ளி, வாங்க."

இரைச்சல்.

"விடிவெள்ளி, விடிவெள்ளி."

இரைச்சல். அவள் மற்ற படகுகளைக் கூப்பிட்டாள். நீலக்கொடி என்ற படகிலிருந்து ஒரு குரல் விட்டு விட்டு வந்தது. பன்னிரண்டு மணிக்கு விடிவெள்ளியைப் பார்த்தோம். தென்கிழக்கே. இன்ஜின் விசிறியில வலை சுத்திக்கிட்டுன்னு கஸ்பார் கத்துனான். நாங்க கிட்டப் போகுமுன்ன காத்து அவங்களை அடிச்சுட்டுப் போயிட்டு, வலையை அறுத்துட்டுக் கரை சேர்ந்திருப்பான்னு நினைச்சுட்டோம்.

"கரைக்கு வராம இருக்கவங்க எல்லாரும் தென்கிழக்கே திரும்பிப் போய்த் தேடிப் பாருங்க" என்றாள் பிரகாசி மைக்கில். குரல் ஒரு நூல்கூட உயரவில்லை. அடுத்து மீன்துறைக்காரர்களுக்கும் கடலோரக் காவலுக்கும் சொன்னாள். பிறகு உலகநாதன் பக்கம் திரும்பினாள்.

"ஜெனோவா வீட்டுக்குப் போங்க."

"நானா?"

"நீங்கதானே வந்தாச்சுன்னு சொன்னீங்க."

"நான் போய் என்னன்னு சொல்ல?"

"தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாதே பிரகாசி!"

"அப்ப அதைச் சொல்லுங்க" என்றாள். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள். "விடிவெள்ளி, விடிவெள்ளி."

*

நாலு தெரு தள்ளித்தான் வீடு. நாலு தெருவும் நாற்பது தெரு ஆகிவிட்டது.

திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு இடத்தில் நின்றான். பாளையங்கோட்டை பஸ் ஒன்று அவனைத் தாண்டிப் போனது. கையைக் காட்டியிருந்தால் நின்றிருக்கும்.

ஜெனோவா வாசலில் அடுப்பு மூட்டி வெந்நீர் போட்டிருந்தாள். கொடியில் இரண்டு கைலி, இரண்டு துண்டு. உள்ளே இரண்டு தட்டுக் கழுவிக் கவிழ்த்திருந்தது. குழம்பு வாசம் தெருவரை வந்தது.

"என்னண்ணே, வீட்டுக்கே வந்துட்டீங்க? உக்காருங்க, காப்பி போடுதேன்."

"தங்கச்சி, நான் வந்தாச்சுன்னு சொன்னேன்ல."

"ஆமா."

"அது எனக்குத் தெரியாது."

அவள் கையில் விறகு இருந்தது.

"வரலையா?"

"தெரியல. மத்தியானம் இன்ஜின் விசிறியில வலை சுத்திக்கிச்சாம். நீலக்கொடிக்காரங்க பார்த்திருக்காங்க. அதுக்கப்புறம் தெரியல. தேடுறாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியல தங்கச்சி."

"அப்ப ஏன் வந்தாச்சுன்னு சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர்ல படம் இருந்துச்சு."

சொல்லும்போதே அவன் காதுக்கே அது அசிங்கமாகக் கேட்டது. செத்துவிடலாம் போல இருந்தது.

"என்ன படம்?"

"நங்கூரம்."

ஜெனோவா அவனையே பார்த்தாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். விறகை அடுப்பிலிருந்து இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். வெந்நீர்ப் பானையை மூடினாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தாள்.

ஒன்றரை மணி நேரம் அவள் என்னை நிம்மதியாக நம்பியிருக்கிறாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே உலகநாதன் பின்னால் நடந்தான். அந்த ஒன்றரை மணியில் அவளே சத்தம் போட்டு ஊரைக் கூட்டியிருப்பாள். நல்ல வெளிச்சத்திலேயே படகுகள் தேடப் போயிருக்கும்.

*

ஆபீஸில் அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. தொம்மை வந்து நின்றார். பெண்கள் ஜெனோவாவைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். ஜெபமாலை உருண்டது. நீலக்கொடி மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருந்தது, மற்ற ஐந்து டோக்கனும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துவிட்டன. ஈரத்தோடு வந்து மாட்டியவர்கள் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அங்கேயே நின்றார்கள்.

வெறுமையாய் இரண்டு ஆணி. அதில் ஒன்று விடிவெள்ளி.

உலகநாதன் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்தான். பக்கத்திலேயே அவனுடைய ஸ்கிரீன் எட்டுப் பத்தியும் நிறைந்து மினுமினுத்தது. விடிவெள்ளி வரிசையில் நங்கூரம், மீன், கொடி, கடைசியில் சிரித்த முகம். எழுந்து போய் ஸ்கிரீனை அணைத்தான்.

வயர்லெஸில் குரல் வரும். போகும். வரும்போது அவனுக்கு மூச்சு வந்தது. நிற்கும்போது அவனுக்கும் நின்றது. ஒரு தடவை ரொம்ப நேரம் ஒரு குரலும் இல்லை. அப்போது பிரகாசியைப் பார்த்தான். முறம் அவள் மடியில் இருந்தது. விரலில் காம்பு. கை அசையவில்லை.

தன் முட்டியைக் குனிந்து பார்த்தான். அதுவும் ஆடவில்லை.

ஆறே முக்காலுக்குச் செட் கரகரத்தது.

"சிப்பித்துறை, சிப்பித்துறை, நீலக்கொடி."

"சொல்லுங்க நீலக்கொடி."

"ஆளு ரெண்டும் இருக்கு. படகைக் கட்டி இழுத்துக்கிட்டு வாரோம். கஸ்பாருக்குப் பசியாம், கறி வைக்கச் சொல்லுதான்."

ஆபீஸ் முழுவதும் ஒரே கூச்சல். ஜெனோவா அப்போதுதான் அழுதாள், ஓவென்று, வாயைப் பொத்திக்கொண்டு. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். தொம்மை மூக்கைச் சிந்தினார். உலகநாதனும் அழுதான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

கொஞ்சம் தேறியதும் ஜெனோவா எழுந்து அவன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அந்தப் படத்தை எடுத்துருங்க."

"எடுத்துடுறேன் தங்கச்சி."

அடுத்த ஒரு மணியில் கஸ்பார் வந்தான். உதடு வெடித்திருந்தது. டோக்கனை மாட்டினான். பெண்டாட்டி முகத்தை அதற்கப்புறம்தான் பார்த்தான்.

*

உலகநாதன் மூட்டை கட்டவில்லை. போகச் சொல்லி யாரும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலை வந்து உட்கார்ந்தான். முதலில் சிரித்த முகத்தை எடுத்தான். அப்புறம் கொடி, மீன், கேன், போன், எல்லாவற்றையும். அலையையும் எடுத்தான். கடைசியில் ஒரே பத்தி மிஞ்சியது. அதற்கு ஒரே படம்.

பிறகு ஓர் இடத்தில் மைனஸ் ஒன்று என்று எழுதினான்.

ஓடவிட்டான். நங்கூரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. நாற்பத்து மூன்று பெயர். பக்கத்தில் நாற்பத்து மூன்று வெறுமை. பார்க்கப் பார்க்க அரித்தது. ஏதாவது ஒன்றை, ஒரு புள்ளியையாவது, வைக்கக் கை பரபரத்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

மத்தியானத்திலிருந்து படகுகள் வரத் தொடங்கின. கேட்டிலிருந்து ஒரு சேதி வரும், ஒரு நங்கூரம் வரும். நாலு மணிக்கு முப்பத்தொன்பது நங்கூரம்.

விடிவெள்ளி யார்டில் ரிப்பேருக்கு நின்றது. கஸ்பாரும் மச்சானும் அன்று நீலக்கொடியில் போயிருந்தார்கள். நன்றிக்கு ஒரு நாள் கூலியில்லாத வேலை.

ஜன்னலில் நிழல் தட்டியது. ஜெனோவா.

"அண்ணே, நீலக்கொடி வந்துட்டா?"

உலகநாதன் ஸ்கிரீனைப் பார்த்தான். நீலக்கொடி. பக்கத்தில் ஒன்றும் இல்லை. அரித்தது.

"தெரியல தங்கச்சி" என்றான்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பிரகாசி கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னா சார்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

"யாரும் இன்னும் சொல்லல."

அவள் கை நின்றது. முறத்தை இறக்கி வைத்துவிட்டு, மைக்கை எடுத்து, அவன் கையில் கொடுத்தாள்.